பின் நழுவினால் வருகிறவன்

முனிரத்தினத்தின் லேப்டாப்பில் சார்ஜர் பின் செருகுகிற ஓட்டை கொஞ்சம் தளர்ந்திருந்தது என்று சொன்னால், அது அந்த ஓட்டைக்குக் கொடுக்கிற மரியாதை. பல் போன வாயில் பீடி வைத்த மாதிரி பின் அதற்குள் லொடலொடவென்று ஆடும். மாடியில் யாராவது தும்மினால் யந்திரம் அணையும். ஜி.எஸ்.டி. ரோட்டில் மணல் லாரி திரும்பினால் அணையும். பெருங்களத்தூரில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் வண்டி வண்டலூரைத் தாண்டும்போதே இங்கே திரை கறுத்துவிடும். லெவல் கிராசிங் கேட்காரன் இவர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "அணைஞ்சிச்சா சார்?" என்று கேட்டுக்கொண்டுதான் கேட்டை மூடப் போவான் என்று ஊரில் ஒரு பேச்சுகூட இருந்தது. பேட்டரி என்று ஒன்று அடியில் இருக்கத்தான் இருந்தது. அது செத்து இரண்டு வருஷம். கழற்றினால் பெட்டி ஒரு பக்கம் சாய்கிறது என்பதற்காக விட்டுவைத்திருந்தார்.

சிங்கப்பூர் மாப்பிள்ளை புதுசு வாங்கிக்கொண்டு, பழசை மாமனார் தலையில் கட்டிவிட்டுப் போன சரக்கு அது. கழனியெல்லாம் மனைகளாகி, மனைகளெல்லாம் மாடிவீடுகளாகி, கைக்கு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த முனிரத்தினம் அதில் ஒரு ஜாதக புரோகிராமை ஏற்றிக்கொண்டு, 'கம்ப்யூட்டர் ஜாதகம், ஐந்தே நிமிடத்தில்' என்று வாசலில் போர்டு மாட்டினார். ஐந்து நிமிடம் என்பது பொய்யில்லை. ஜாதகத்துக்கு ஐந்து நிமிடம்தான். பின்னை நிறுத்துவதற்கு ஒன்றரை மணி நேரம்.

அதற்கு அவர் செய்யாத வைத்தியம் கிடையாது. தீக்குச்சி செருகினார். ரப்பர் பேண்ட் சுற்றினார். மனைவி தையல்நாயகியின் ஹேர்பின்னை வளைத்து முட்டுக்கொடுத்தார். இஸ்திரிப் பெட்டியை ஒயர் மேல் ஏற்றி வைத்தார். கடைசியில் பம்மலில் டி.வி. ரிப்பேர் செய்கிற சவுரிமுத்துவைக் கூட்டிவந்தார். சவுரிமுத்து பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, நாலு பேரைக் கொன்றுவிட்டு வந்த டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"உள்ள போர்டுல ஈயம் வுட்டுப்போச்சு சார். தொறந்தா பத்த வெச்சிரலாம். ஆனா மூட வராது. அப்புறம் நீ என் கடைய மூட வெச்சிடுவே."

"அது இருக்கட்டும். ஒவ்வொரு வாட்டியும் அணைஞ்சு எழுந்தா, எண்பதாம் வருஷம் ஜனவரி ஒண்ணுன்னு காட்டுதே, அது ஏன்?"

"உள்ள பட்டாணி சைஸுல ஒரு செல்லு கீது. தேதிய ஞாபகம் வெச்சுக்கிறது அதான். அது செத்துப்போச்சு. அதனால ஒவ்வொரு வாட்டியும் இது புதுசா பொறக்குது. பொறந்த தேதி மட்டுந்தான் அதுக்குத் தெரியும்."

இவ்வளவுதான் விஷயம். விஞ்ஞானம். பயப்பட ஒன்றுமில்லை.

ஆனாலும் முனிரத்தினத்துக்கு ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. யந்திரம் எழுந்ததும் 'செவ்வாய், 01-01-1980' என்று காட்டி, சரியான தேதி என்ன என்று கேட்கும். அவர் அந்தக் கேள்வியை மதித்ததே இல்லை, எண்டரைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். ஜாதக புரோகிராமோ அந்தத் தேதியையே பிறந்த தேதியாக எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். வேறு தேதி அடிக்க மறந்து இன்னொரு எண்டர் தட்டினால் போச்சு. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குப் பிறந்த எவனோ ஒருவனுக்கு ஜாதகம் தயார். கன்னி லக்னம், ரிஷப ராசி, மிருகசீரிடம். இப்படிக் கைதவறி அச்சான தாள்கள் வீட்டில் நூறாவது இருக்கும். தையல்நாயகி அதன் முதுகில்தான் பால் கணக்கும், கோலமும், மகளுக்குக் கடிதமும் எழுதினாள்.

உறுத்தல் அதில் இல்லை. மற்றவர்கள் ஜாதகத்துக்கெல்லாம் இரண்டாம் பக்கம் வரும். இடதுகையால் பின்னை அழுத்திப் பிடித்துக்கொண்டால் எப்படியாவது வந்துவிடும். இவனுக்கு மட்டும் வந்ததே இல்லை. முதல் பக்கம் முடிந்து பிரிண்டர் மூச்சு வாங்குகிற இடத்தில் பின் நழுவும். ஒருநாள் பார்த்துவிடுவோம் என்று வேண்டுமென்றே அவன் ஜாதகத்தைப் போட்டு, இரண்டு கையாலும் பின்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கைக்குள்ளேயே அது ஒரு மீன்குஞ்சு மாதிரி நெளிந்து வெளியே வந்தது. அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. பதினெட்டு இட்லிதான் சாப்பிட்டார்.

"அந்தப் பையன் வந்துட்டான்" என்பது அந்த வீட்டில் பின் நழுவுவதற்குப் பெயராகவே ஆகிவிட்டது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் மே மாதம், கத்திரி வெயில். தார் ரோடு உருகி, பஸ்ஸுக்கு ஓடியவர்களின் செருப்புகள் மட்டும் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்த ஒரு புதன்கிழமை மத்தியானம், முத்தாலம்மாள் வந்தாள். கோவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து இருபது வருஷமாக அந்தத் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். அவள் குரல் முதலில் வரும், பிறகு வாசனை, அப்புறம்தான் அவள். இன்றைக்குக் குரல் வரவில்லை. கூடையும் இல்லை. கூடைக்கு அடியில் தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணியை மட்டும் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஏண்டி முத்தாலு, நாப்பது நாளா எங்கடி போனே?" என்று தையல்நாயகி கேட்டுக்கொண்டே தண்ணீர்ச் சொம்போடு வந்தாள்.

"நாப்பத்தியோரு நாளுக்கா." முத்தாலம்மாள் தண்ணீரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "எம்புள்ள லோகு கடலுக்குப் போனான். கட்டுமரம் மட்டும் கரைக்கு வந்துச்சு. அவன் வரல."

தையல்நாயகி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முத்தாலம்மாள் அழவில்லை. முனிரத்தினத்தின் மேஜையைப் பார்த்துப் பேசினாள். "சனிக்கெழம அமாவாச. அன்னிக்கு வைக்கோல்ல பொம்ம கட்டிக் கொளுத்தி, கருமாதி பண்ணிடணும்னு பஞ்சாயத்துல சொல்லிட்டாங்கோ. எம்மருமவ காந்தாவுக்குப் பத்தொம்போது கூட ரொம்பல சார். அவ தாலிய எடுக்கணுமாம். நா மாட்டேன்னு மல்லுக்கு நின்னேன். செத்தான்னு எவன் கண்டான்? எங்கூரு ஜோசியக்காரன் சொன்னா கேக்க மாட்டாங்கோ, அவன் குடிகாரன். கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுன்னு பெரியவங்களே சொல்றாங்கோ. அவனுக்கு ஆயுசு கீதுன்னு உன் பொட்டி ஒரு காயிதம் குடுத்துச்சுன்னா ஒரு வருசம் நிறுத்தி வெக்கிறோம்னு ஒத்துக்கினாங்கோ."

முனிரத்தினம் அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டார். பெட்டி என்ன சொன்னாலும் சரி, இவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 'தீர்க்காயுசு' என்று வாயால் படித்துவிடுவது. பஞ்சாயத்தில் எவனாவது படித்துப் பார்த்தால்? கீழே பேனாவால் ஒரு வரி எழுதி ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிடுவது. இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்.

"பிறந்த தேதி சொல்லு முத்தாலு."

"எழுவத்தொம்போது முடிஞ்சு எம்பது பொறந்த ராத்திரி. திங்கக்கெழம ராத்திரி."

திங்கட்கிழமை டிசம்பர் முப்பத்தொன்று என்று அவர் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டிக் கண்டுபிடித்தார். பின்னைச் செருகி, தீக்குச்சி வைத்து, இஸ்திரிப் பெட்டியை ஏற்றினார். யந்திரம் எழுந்தது. முப்பத்தொன்று, பன்னிரண்டு என்று அடித்தார். வருஷம் எழுபத்தொன்பது என்று அடித்தார். ஒன்பதில் விரல் பட்டதும் அணைந்தது.

"அந்தப் பையன் வந்துட்டான்" என்று தையல்நாயகி பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எந்தப் பையன்க்கா?"

"ஒண்ணுமில்லடி, அது பொட்டிக்கு ஒரு வியாதி."

மறுபடி செருகினார். மறுபடி அதே ஒன்பதில் அணைந்தது. தெருவில் லாரி இல்லை. ரயில் இல்லை. மாடியில் யாரும் தும்மவில்லை. மாடி வீட்டுக்காரர்கள் திருப்பதி போயிருந்தார்கள்.

"இன்னா சார், உன் பொட்டிக்கு வலிப்பு கீதா? ஒரு இரும்புச் சாவி குடேன் கையில" என்றாள் முத்தாலம்மாள். நாற்பத்தொரு நாளில் அவள் செய்த முதல் கேலி அதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாம் தடவை அவர் எதையும் அடிக்கவில்லை. பெட்டி தானே எழுந்து, தேதியைத் தானே போட்டுக்கொண்டு நின்றது. செவ்வாய், 01-01-1980. நேரம் பன்னிரண்டு.

முனிரத்தினம் எண்டரில் வைத்த விரலை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். மெதுவாகக் கேட்டார்: "ராத்திரின்னா எத்தனை மணி? முன் ராத்திரியா, பின் ராத்திரியா?"

"கப்பல் ஊதச்சொல்ல சார். நா காசிமேட்டுல எங்கம்மா வூட்ல இருந்தேன். புது வருசம் பொறந்துச்சுன்னா ஆர்பர்ல நிக்கிற அத்தினி கப்பலும் ஒண்ணா ஊதும். அது ஊத, இவன் வந்து வுழுந்தான். அழவே இல்ல. கப்பல் நின்னதுக்கு அப்பாலதான் அழுதான். நெலா ரொம்பறதுக்கு ஒரு நாளுதான் பாக்கி. வூட்டுக்குள்ள அப்படி வெளிச்சம்."

கப்பல் ஊதினால் மணி பன்னிரண்டு. பன்னிரண்டு அடித்தால் இங்கிலீஷ்காரனுக்குச் செவ்வாய், ஜனவரி ஒன்று. நமக்கு விடிகிறவரைக்கும் திங்கள்தான். இருபது வருஷமாக ஊரே திங்கட்கிழமை என்று சொல்லிக்கொண்டிருந்ததை இந்தப் பட்டாணி செல் செத்த பெட்டி ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு தடவை அடித்ததை அழித்துவிட்டு, மூன்றாம் தடவை தானே திருத்தியிருக்கிறது.

இரண்டு வருஷமாக, பின் நழுவிய போதெல்லாம், பால் கணக்குக்கும் கோலத்துக்கும் மறுபக்கத்தில் கிடந்தவன் இவன்தான். அப்போதெல்லாம் லோகு உயிரோடு இருந்தான்.

எண்டர் தட்டினார். பிரிண்டர் வீறிட்டது. கன்னி லக்னம், ரிஷப ராசி, மிருகசீரிடம் என்று முதல் பக்கம் இறங்கியது. முடியும் இடத்தில் பின் நழுவ ஆரம்பித்ததை அவர் கண்ணாலேயே பார்த்தார். கை எழவில்லை.

எழுந்தது முத்தாலம்மாளின் கை. மேஜை மேலிருந்து விழப்போகிற குழந்தையைப் பிடிக்கிற மாதிரி எட்டி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பின்னை அதன் இடத்தில் அமுக்கிவிட்டாள். இருபது வருஷம் வழுவழுப்பான மீனைச் செவுளில் பிடித்த கை. திரை ஒரு தடவை மினுக்கியது. அணையவில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"துடிக்குது சார்" என்றாள்.

"கரண்ட் ஓடுற அதிர்வு அது."

"தெரியும். எனக்குத் தெரியாத துடிப்பா?"

அந்த நேரம் பார்த்துப் பிரிண்டரில் தாள் தீர்ந்தது. கீழே வேறு தாள் இல்லை. எல்லாம் பரணில். முனிரத்தினம் ஏணி போட்டு ஏறி, செத்த எலி ஒன்று, செப்புக்குடம் மூன்று, மாப்பிள்ளை அழைப்புக்குத் தைத்த ஷாமியானா ஒன்று என்று தோண்டித் தோண்டித் தாள் கட்டை எடுத்துவர அரைமணிக்கு மேல் ஆகிவிட்டது. ஏணியின் மேல் நின்றபடி கீழே கேட்டுக்கொண்டே இருந்தார். முத்தாலம்மாள் பெட்டியோடு பேசிக்கொண்டிருந்தாள். அதட்டல் இல்லை, ஒப்பாரி இல்லை, சாதாரணப் பேச்சு. "அசையாத இருடா. கை வலிக்குதுடா எனக்கு. காந்தா கிட்ட சொல்லாம வந்துகினேன். இன்னா, பசிக்குதா? தோ, தாத்தா காயிதம் எடுக்கப் போயிருக்காரு."

ஐம்பத்தெட்டு வயதில் தாத்தா என்ற பட்டத்துக்கு வேறு சமயமாக இருந்தால் முனிரத்தினம் ஏணியிலிருந்தே சண்டைக்கு இறங்கியிருப்பார். இப்போது சத்தம் போடாமல் இறங்கினார்.

தாளைச் செருகினார். திரையின் மூலையில் சின்னதாகக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டி இவ்வளவு நேரம் அணையாமல் இருந்து அவர் பார்த்ததே இல்லை. முத்தாலம்மாளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துத்தான் தெரியாது. எண் தெரியும். மீன்காரிக்கு எண் தெரியாமல் இருக்குமா?

"அது இன்னா சார், சைபரு, நாப்பத்தேழு?"

"பெட்டி எழுந்து எவ்வளவு நேரமாச்சுன்னு காட்டுது. நாற்பத்தேழு நிமிஷம்."

"எப்ப எழுந்துச்சு?"

அவர் யோசிக்காமல் பதில் சொன்னார். இதற்கு அப்புறம் அவர் வாழ்நாளில் யோசிக்காமல் பதில் சொன்னதே இல்லை. "அது கணக்குல எண்பது பொறந்த ராத்திரிதான். நடுவுல நடந்தது எதுவும் அதுக்குத் தெரியாது முத்தாலு. உள்ள இருக்கற செல்லு செத்துப்போச்சு. அதனால ஒவ்வொரு வாட்டியும் அந்த ராத்திரி பன்னெண்டு மணிக்குப் புதுசா பொறக்குது."

முத்தாலம்மாளின் விரல் இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

இரண்டாம் பக்கம் வந்தது. இரண்டு வருஷமாக வராத பக்கம் என்பதாலோ என்னவோ பிரிண்டர் ஒவ்வொரு வரியையும் நகத்தால் சுவரைச் சுரண்டுகிற மாதிரி இழுத்து இழுத்து அடித்தது. தையல்நாயகி காதைப் பொத்திக்கொண்டு பூஜை அறை வாசலில் போய் நின்றாள். முனிரத்தினம் பொய்யை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டு தாளைக் கிழித்தார்.

பொய்க்கே இடம் இருக்கவில்லை. ஆயுளைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. நடப்பு திசை செவ்வாய், இருப்பு ஐந்து வருஷம் சொச்சம். அதற்கு மேலே, நடப்பு வயது. வருடம் 0. மாதம் 0. நாள் 0.

"தீர்க்..." என்று ஆரம்பித்தார்.

"இது இன்னா மூணு சைபரு?" முத்தாலம்மாளின் மற்றக் கை தாளின் மேல் வந்து, சரியாக அந்த இடத்தைத் தொட்டது.

"அது ஒண்ணுமில்ல. வயசு. பெட்டிக்கு இன்னிக்கு தேதி தெரியாது பாரு, அதனால தப்பா..."

"எவனோட வயசு?"

"லோகு வயசுதான். ஆனா அது தப்பும்மா. செல்லு செத்துப்போனதால..."

"அதான சார் நீ சொன்னே." அவள் குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. வாசலில் நின்று வஞ்சிரம் விலை சொல்லுகிற அதே குரல். "செத்துப்போச்சுன்னா புதுசா பொறக்கும். சாவலன்னா அவனுக்குப் பத்தொம்போதுன்னு போட்டிருக்கணும். சைபருன்னு போட்டா இன்னா அர்த்தம்? எங்கியோ பொறந்துகினான்னுதான அர்த்தம்?"

"இல்ல முத்தாலு, நான் தேதிய சரியா அடிச்சு மறுபடி போடறேன். இரு. இப்பவே போடறேன். பத்தொன்பதுன்னே வரும்."

"நீ அடிச்சா நீ சொன்னதாத்தான ஆவும். அது சொன்னதா ஆவுமா?"

கை நீட்டிய முனிரத்தினம் அப்படியே நிறுத்திக்கொண்டார். ஒரு வரியைப் பேனாவால் எழுதி ரப்பர் ஸ்டாம்ப் குத்தலாம் என்று வைத்திருந்த திட்டமும், ஸ்டாம்ப் பேடின் மையும் ஒரே சமயத்தில் காய்ந்துவிட்டன.

முத்தாலம்மாள் தாளைச் சும்மாட்டுத் துணிக்குள் வைத்து மடித்தாள். ரொம்ப நேரம் மடித்தாள். "நா தான் வுடாம புடிச்சிகினு நின்னேன் சார். அவன் போயி வேற வூட்ல பொறந்து, அவங்க அவனுக்கு நாக்குல சக்கரத்தண்ணி வெச்சிகினு இருக்கச்சொல்ல, நா இங்க நின்னுகினு வா வான்னு கூப்ட்டுகினு இருந்தா அவன் எந்தப் பக்கம் திரும்புவான்? காந்தாவ வேற கட்டி வெச்சிகினு." துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, "சனிக்கெழம பண்ணிடறோம்" என்றாள்.

பிறகு விரலை எடுத்தாள்.

முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்னை யாரும் பிடித்திருக்கவில்லை. தீக்குச்சி கீழே விழுந்து கிடந்தது. இஸ்திரிப் பெட்டி எப்போதோ ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. மூலையில் கடிகாரம் ஐம்பத்தெட்டைக் காட்டி, ஐம்பத்தொன்பதைக் காட்டி, ஒரு மணியைத் தாண்டியது.

முத்தாலம்மாளும் பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. "அணைக்காத சார். கருமாதி முடியட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தையல்நாயகியிடம் தலையசைத்துவிட்டு, வெயிலில் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததைப் பெருங்களத்தூரில் சொன்னால் எவனும் நம்பமாட்டான். பெட்டி அணையாததைச் சொல்லவில்லை, அதை நம்பிவிடுவார்கள். மே மாதத்தில், பகலில் மூன்று தடவை, ராத்திரி மூன்று தடவை என்று சாஸ்திரப்படி கரண்ட் போகிற அந்தத் தெருவில், அந்த இரண்டு நாளும் ஒரு தடவைகூடப் போகவில்லை. ரயில்கள் போயின. மணல் லாரிகள் திரும்பின. திருப்பதி போன மாடி வீட்டுக்காரர்கள் மொட்டைத் தலையோடு திரும்பிவந்து ஆளுக்கு நாற்பது தும்மல் தும்மினார்கள். பச்சை விளக்கு அசையவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மேற்குத் தாம்பரத்திலிருந்து தோத்தாத்ரி வந்தார். பெண்ணுக்குப் பொருத்தம் பார்க்க வேண்டியவர். முன்பணம் கட்டியவர் என்ற தோரணையோடு நேரே ஹாலுக்குள் நடந்தவரை முனிரத்தினம் உதட்டில் விரலை வைத்து வாசலிலேயே நிறுத்தினார்.

"என்ன ஓய், மெஷின் ஓடறதே! என்னமோ எப்பவும் நின்னு போயிடும்னேள்?"

"மெதுவா பேசுங்க சார். இன்னிக்கு முடியாது."

"ஏன்?"

"பெட்டியில ஆள் இருக்கு."

தோத்தாத்ரி எட்டிப் பார்த்தார். திரையில் ஜாதகம் ஒன்றும் இல்லை. கறுப்புத் திரை, மூலையில் ஓடுகிற ஒரு சின்ன எண், அவ்வளவுதான். மேஜைக்கு முன்னால் தையல்நாயகி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ காலியாகும்?" என்று தோத்தாத்ரி தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"நாளைக்கு. வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சிடுவாங்க" என்றார் முனிரத்தினம். அப்புறம் உள்ளே போய், ஒயர் ஆடாமலிருக்க, மின்விசிறியின் வேகத்தை ஒரு புள்ளி குறைத்து வைத்தார்.